‘இரு பிரிவினரிடையே மோதல்’

‘இரு பிரிவினரிடையே மோதல். போலீஸ் குவிப்பு.’ எங்கள் மாவட்டங்களுக்கென்று பத்திரிகைகள் அச்சுக் கோத்து வைத்திருக்கிற வாக்கியம் இது. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். சேரிக்குள் புகுந்து அடித்தாலும் மோதல். டீக்கடையில் எதிர்த்துக் கேட்டவனை வெட்டினாலும் மோதல். வெட்டியவன் ஒரு பிரிவு, வெட்டுப்பட்டவன் இன்னொரு பிரிவு, கணக்கு நேராகிவிட்டது. காரணம் கேட்டால் ‘முன்விரோதம்’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அந்த முன்விரோதம் எந்த வருசத்தில், எந்த நிலத்தில், எந்தத் தண்ணீர்த் தொட்டியில் ஆரம்பித்தது என்று எழுத அவர்களிடம் நாலு வரி இடம் இருக்காது. அதற்குப் பக்கத்திலேயே நகைக்கடை விளம்பரத்துக்கு அரைப்பக்கம் இருக்கும்.

நெல்லை, தூத்துக்குடி, தென்காசி, விருதுநகர் மாவட்டத்துச் சேரிப் பிள்ளைகளுக்குப் பத்திரிகை வேலை சொல்லிக்கொடுக்கிற காரியத்தில் சில வருசங்களாக இருக்கிறேன். ‘புலனாய்வு’ என்று சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அட்டையில் நடிகையும் அருவாளும் போட்டு வருகிற பத்திரிகைகள் அந்தச் சொல்லை அப்படி ஆக்கி வைத்திருக்கின்றன. அதனால் நாங்கள் ‘தோண்டி எழுதுறது’ என்றே சொல்லிக்கொள்கிறோம். வருகிறவர்கள் யாரென்றால், பி.காம். முடித்துவிட்டு ஜவுளிக்கடையில் நிற்கிற பையன்கள், தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல் வழியில் படிக்கிற பெண்கள், மில்லுக்குப் போய் உடம்பு கெட்டுத் திரும்பி வந்தவர்கள், செல்போனில் வீடியோ எடுத்துப் போட்டு ஊருக்குள் ‘ரிப்போர்ட்டர்’ என்று பட்டம் வாங்கிய இரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமை கூடுகிறோம். சமுதாயக் கூடத்துச் சாவி நாட்டாமை வீட்டில் இருக்கும். அவர் வயலுக்குப் போய்விட்டால் வேப்ப மரத்தடியில் பாடம்.

வெளியிலிருந்து உண்மை அறியும் குழுக்கள் வருவது எங்களுக்குப் புதிதல்ல. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்துக்குள் சுமார் 600 போலீஸ் புகுந்தது. அப்போது நான் சின்னப் பிள்ளை. டி.வி., ஃபேன், தையல் மிஷின் உடைத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களின் பாஸ்போர்ட்டைக் கிழித்தார்கள், படித்தவர்களின் சான்றிதழ்களை நாசமாக்கினார்கள், குடிதண்ணீர்க் கிணற்றைக் கெடுத்தார்கள் என்று அந்த ஊர் சனங்கள் சாட்சி சொன்னார்கள். அப்படி வந்து கேட்டு எழுதியவர்கள் இல்லையென்றால் கொடியங்குளமும் ‘மோதல்’ கணக்கில்தான் போயிருக்கும். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர் ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து விரட்டி, தாமிரபரணியில் 17 உயிர் போனதை ஆர்.ஆர். சீனிவாசன் ‘நதியின் மரணம்’ என்று படமாக எடுத்து வைத்தார். இன்றைக்கும் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு அதைப் போட்டுக் காட்டுகிறோம். ஆகவே வந்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் குழு சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிடும். சாட்சி சொன்னவள் மறுநாள் விடிந்ததும் அதே டீக்கடையைத் தாண்டித்தான் களை வெட்டப் போகவேண்டும். குழு ஒரு தடவை வரும். எதிர்வழக்கும், சமாதானக் கூட்டமும், பால் நிறுத்தமும், வேலை மறுப்பும் அதற்குப் பிறகு ஆறு மாசத்துக்கு நடக்கும். அந்த ஆறு மாசத்தை எழுதுவதற்கு ஊருக்குள் ஆள் வேண்டும். பெரிய பத்திரிகை ஆபீஸ்களில் எங்கள் பிள்ளைகள் இல்லை என்கிற கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1996இல் ஒரு வெளிநாட்டுச் செய்தியாளர் கேட்டார் என்பதற்காக பி.என். உனியால் தில்லி முழுக்க ஒரே ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடினார். அகப்படவில்லை. அதையே ஒரு கட்டுரையாக எழுதினார். 23 வருசம் கழித்து, 2019இல், ஆக்ஸ்ஃபாமும் நியூஸ்லாண்ட்ரியும் சேர்ந்து கணக்கெடுத்தபோது 121 தலைமைப் பொறுப்புகளில் 106இல் உயர்சாதிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலித், ஆதிவாசி ஒருவர்கூட இல்லை. அவர்கள் இடம் விடுவார்கள் என்று காத்திருந்தால் கிழடு தட்டிப்போகும். உத்தரப்பிரதேசத்துச் சித்ரகூடில் 2002இல் தலித் பெண்கள் ‘கபர் லகரியா’ என்று புந்தேலிப் பேச்சுமொழியிலேயே பத்திரிகை ஆரம்பித்தார்கள். அவர்களில் பலருக்குப் பள்ளிக்கூடப் படிப்பே குறைவு. நான் எம்.ஏ. தமிழ்.

எம்.ஏ. தமிழ் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில் பாதி, இந்த வேலைக்கு வருமுன் மறக்கவேண்டியதாக இருந்தது. உவமை, உருவகம், உயர்வு நவிற்சி. ஒன்று மட்டும் உதவியது. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். தலைவி அழுவது அப்புறம். முதலில் எந்த இடம், எந்த நேரம். முதல் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன். ‘கொடூரமாகத் தாக்கினார்கள்’ என்று எழுதிக்கொண்டு வருவார்கள். ‘கொடூரமாக’வை அடித்துவிட்டு, எத்தனை பேர், எந்தப் பக்கமிருந்து வந்தார்கள், கையில் என்ன, அப்போது மணி என்ன, மணி உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பேன். தெருவில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, கடைசி மினி பஸ் போய்விட்டது, இப்படி ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு நேரத்தைக் கண்டுபிடிப்பார்கள். கவிதை எழுதுகிற தோழர் ஒருவர் என்னோடு சண்டைக்கே வந்தார். ‘எங்க சனத்தோட அழுகையை அளந்து எழுதச் சொல்றியா? இதுவும் பார்ப்பானோட அளவுகோல்தான்’ என்றார். அழுகையை அளக்கச் சொல்லவில்லை. அழவைத்தவன் நின்ற இடத்தை அளந்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். கோர்ட்டில் அவனுடைய வக்கீல் அதைத்தான் முதலில் கேட்பான்.

அப்புறம் காகிதங்கள். எங்கள் பிள்ளைகள் அநேகம் பேர் எஃப்.ஐ.ஆரைச் சினிமாவில்தான் பார்த்திருக்கிறார்கள். புகார் கொடுக்கப் போனால் ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். என்று ஒரு ரசீதைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கேஸ் போட்டாச்சு என்று நம்பி எங்கள் சனங்கள் அதை மடித்து பீரோவில் வைத்திருப்பார்கள். கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லியாயிற்று. இருந்தும் ரசீதுக்குக் குறைச்சல் இல்லை. எஃப்.ஐ.ஆர். கிடைத்தால் அதில் மூன்று நேரங்களைப் பார்க்கச் சொல்வோம்: சம்பவம் நடந்த நேரம், ஸ்டேஷனுக்குத் தகவல் வந்த நேரம், கோர்ட்டுக்கு அனுப்பிய நேரம். எதிர்த்தரப்பு கொடுத்த எஃப்.ஐ.ஆரை வாங்கி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பாதி உண்மை அங்கேயே தெரிந்துவிடும். பெரியாஸ்பத்திரியில் போடுகிற ஏ.ஆர். காப்பியில், அடிபட்டவர் வந்ததும் டாக்டரிடம் சொன்னது இருக்கும்: எத்தனை பேர், எதனால் அடித்தார்கள், யார் கூட்டி வந்தது. யாரும் சொல்லிக்கொடுக்க நேரமில்லாத நேரத்தில் சொன்ன வார்த்தை அது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் வருச விதிகளில் ஏழாவது, டி.எஸ்.பி.க்குக் கீழே உள்ளவர் இந்த வழக்கை விசாரிக்கக்கூடாது என்கிறது. பதினேழாவது, மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாசத்துக்கு ஒரு தடவை கூடவேண்டும் என்கிறது. ‘உங்க மாவட்டத்துல போன வருசம் எத்தனை தடவை கூடுச்சு?’ பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் இதைக் கேட்டு எழுதுவதுதான் ஒவ்வொரு குழுவுக்கும் முதல் வீட்டுப்பாடம்.

இரண்டாவது வீட்டுப்பாடம், அவரவர் ஊரை வரைந்துகொண்டு வருவது. கோயில், ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி, யார் தெரு எங்கே, யார் எந்த வழியில் செருப்புப் போட்டு நடக்கலாம். ஒரு தடவை ஒரு பையன் அழகாக வரைந்து வந்தான். சேரிக்குச் சிவப்பு, மேலத்தெருவுக்கு நீலம். பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்து, ‘எங்க பதினோரு வீடு எங்க இருக்கு?’ என்று கேட்டாள். அதே ஊர்தான் அவளுக்கும். அருந்ததியர் வீடுகள். அவன் படத்தில் அந்த இடத்தில் ஒரு புளிய மரம் இருந்தது. கூடத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஒடுக்கப்பட்டவன் கையில் பேனா வந்தாலே உண்மை வந்துவிடும் என்று நம்புகிற தோழர்களுக்காக இதை எழுதிவைக்கிறேன். அவனும் அவளும் அடுத்த வாரம் சேர்ந்து வரைந்து வந்தார்கள். புளிய மரமும் இருந்தது, பதினோரு வீடும் இருந்தது.

இனி, ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். அவள் பெயரையோ ஊரையோ எழுதப்போவதில்லை. காரணம் போகப்போகத் தெரியும்.

அவள் ஊரில் சுடுகாடு குளத்துக்கு மேற்கே இருக்கிறது. நேர்வழி மேலத்தெரு வழியாக. காலனிச் சாவு மட்டும் ஓடைக்குள் இறங்கி, வரப்பு ஏறி, சுற்றித்தான் போகவேண்டும். 2022 மழைக்காலத்தில் ஒரு பாட்டி செத்துப்போனாள். ஓடையில் இடுப்பளவு தண்ணீர். பையன்கள் பாடையைத் தெரு வழியாகத் தூக்கினார்கள். கல் விழுந்தது. நாலு பேருக்குக் காயம். மறுநாள் பேப்பரில் வழக்கமான வாக்கியம். இரண்டு பக்கத்திலும் வழக்கு.

அவளுக்கு அப்போது இருபது வயது. எங்களிடம் வந்து மூன்று மாசம் ஆகியிருந்தது. இரண்டு எஃப்.ஐ.ஆரையும் வாங்கினாள். காலனிக்காரர்கள் கொடுத்த புகாருக்கு முதலில் சி.எஸ்.ஆர்., மறுநாள் ராத்திரிதான் எஃப்.ஐ.ஆர். மேலத்தெருப் புகாருக்கு அன்றைக்கே எஃப்.ஐ.ஆர். அதில், நாலு மணிக்கு ஐம்பது பேர் ஆயுதங்களோடு தெருவுக்குள் நுழைந்தார்கள் என்று இருந்தது. அவள் ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவரிடம் போனாள். டவுன்காரர், இரண்டு பக்கத்துக்கும் வேண்டியவர். அவருடைய நோட்டில் பெட்டியைத் திருப்பி ஏற்றிய நேரம் 4.20 என்று இருந்தது. நாலு மணிக்குப் பிணம் இன்னும் வீட்டை விட்டே கிளம்பவில்லை. அதோடு கட்டுரையை முடித்திருந்தாலும் நல்ல கட்டுரைதான். நானாக இருந்தால் முடித்திருப்பேனோ என்னவோ.

அவள் முடிக்கவில்லை. அந்தத் தெரு யாருக்குச் சொந்தம் என்று கேட்டாள். வி.ஏ.ஓ. ஆபீஸ் ‘அ’ பதிவேட்டிலும் கிராம வரைபடத்திலும் அது சர்க்கார் புறம்போக்கு, பாதை. அப்படியானால் இத்தனை வருசம் ஏன் போகவில்லை? தாலுகா ஆபீஸுக்கு ஒரு மனு எழுதினாள்: இந்தப் பாதை சம்பந்தமாக நடந்த அமைதிப் பேச்சுவார்த்தைகளின் குறிப்புகள் வேண்டும். முப்பது நாளில் பதில் இல்லை. மேல்முறையீடு செய்தபிறகு ஒரு தாள் வந்தது. 2003ஆம் வருசத்துக் காகிதம். இரு தரப்பினரும் தாசில்தார் முன்னிலையில் அமர்ந்து பேசியதாகவும், காலனி மக்கள் ஊர் ஒற்றுமையைக் கருதி வழக்கம்போல் ஓடை வழியையே பயன்படுத்தச் சம்மதிப்பதாகவும் அதில் எழுதியிருந்தது. கீழே காலனியிலிருந்து ஏழு பேர். மூன்று கையெழுத்து, நாலு கைநாட்டு. ஒரு கைநாட்டுக்குப் பக்கத்தில் அவள் தாத்தா பெயர்.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளை என் முன்னால் வைத்துவிட்டு, ‘தாத்தாதான்க்கா’ என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்குப் பாடம் எதுவும் நடக்கவில்லை. சாயங்காலம் வரை விவாதம்தான். அவள் ஊர்ப் பெரியவர் ஒருவர் விசயம் கேள்விப்பட்டு வண்டி பிடித்து வந்துவிட்டார். ‘அந்தப் பேப்பரை வெளிய எடுக்காத தாயி. நாமளே ஒத்துக்கிட்டதா ஆயிரும். கேஸ் நிக்காது’ என்றார். ஒரு பையன், ‘அவனுங்க பொய்யா எழுதும்போது நாம மட்டும் எதுக்குக்கா நமக்கு எதிரா இருக்கறதையும் எழுதணும்?’ என்றான். நியாயமான கேள்வி. காலங்காலமாக எங்களுக்கு எதிராகவே காகிதம் எழுதப்பட்டு வந்திருக்கும்போது, நாங்களும் ஒன்றை எடுத்துக் கொடுக்கவேண்டுமா? என்னுடைய பதில் இதுதான்: அந்தத் தாள் தாலுகா ஆபீஸில் இருக்கிறது, போலீஸிடம் இருக்கிறது, மேலத்தெருவுக்கும் தெரியும். தெரியாதவர்கள் காலனியில் இருக்கிற இளவட்டங்கள் மட்டும்தான். நாம் மறைத்தால் யாரிடமிருந்து மறைக்கிறோம்? என்றைக்காவது அவர்கள் அதை எடுத்து ஆட்டும்போது இவள் எழுதிய 4.20 மணியும் சேர்ந்து பொய்யாகிப்போகும். அதோடு, ஏழு பேர் தங்கள் வழியைத் தாங்களே விட்டுக்கொடுத்துக் கைநாட்டு வைத்தார்கள் என்றால், அது எப்படி நடந்தது என்பதுதானே செய்தி?

அவள் தாத்தாவிடம் போனாள். எண்பது வயசு இருக்கும். ‘அதெல்லாம் எதுக்குட்டி இப்ப?’ என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவள் நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு திண்ணையில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டாராம். அப்புறம் சொல்லியிருக்கிறார். பேச்சுவார்த்தை தாலுகா ஆபீஸில் நடக்கவில்லை. ஸ்டேஷனில், ராத்திரி. அன்றைக்குக் காலையில் காலனியிலிருந்து மூன்று பையன்களைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அதில் ஒருவன் அவர் மகன், இவளுடைய அப்பா. ‘கைநாட்டு வைங்க, பயலுவள கூட்டிட்டுப் போங்கன்னாங்க. உங்கப்பனோட சத்தம் உள்ளருந்து கேட்டுச்சு. நீ அப்ப கைப்பிள்ள.’

நோட்டில் இதை எழுதும்போது அவளுக்குக் கை நடுங்கியதா, அழுதாளா என்று நான் கேட்கவில்லை. அடுத்த வாரம் அவள் கொண்டுவந்த கேள்வி இது: ‘தாத்தா சொன்னா போதுமாக்கா?’ போதாது. சொந்தத் தாத்தா சொன்னால் நிச்சயமாகப் போதாது. ஏழு பேரில் உயிரோடிருந்த இன்னொருவரைத் தேடிச் சங்கரன்கோவில் பக்கம் மகள் வீட்டுக்குப் போனாள். அவரும் தனியாக அதையே சொன்னார். பழைய காலண்டரைப் பார்த்தாள். தாளில் போட்டிருந்த தேதி ஞாயிற்றுக்கிழமை. ‘ஆபீஸே கிடையாதே!’ என்று குதித்தாள். அவசரத்துக்கு ஞாயிற்றுக்கிழமையும் தாலுகா ஆபீஸைத் திறப்பார்கள், அதை வைத்து மட்டும் எழுதாதே என்று சொன்னேன். முகம் சுருங்கிப்போயிற்று. ‘மேலத்தெருவுல போய்க் கேளு’ என்றேன்.

இதுதான் எங்கள் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமான பாடம். டவுனிலிருந்து வருகிற செய்தியாளன் மேலத்தெருவில் பாய் போட்டு உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் காலனிக்கு வருவான். அவனுக்கு ‘இரண்டு தரப்பையும் கேட்பது’ என்பது செருப்பைக் கழற்றாமல் செய்கிற காரியம். இவள் போனால் எங்கே நிற்பாள்? என்ன சொல்லிக் கூப்பிடுவாள்? ‘முதலாளி’ என்றா? நாங்கள் அன்றைக்கு அரைமணி நேரம் இதைத்தான் பேசினோம். கடைசியில் ‘ஐயா’ என்று கூப்பிடுவது, உட்காரச் சொல்லாவிட்டால் நின்றுகொண்டே எழுதுவது, கூட ஒருவர் போவது, வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுவது என்று முடிவு செய்தோம். மூன்று வீட்டில் விரட்டினார்கள். நாலாவது, அந்தக் காலத்தில் ஓர் அரசு ஆபீஸில் கடைநிலை வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு வயசாளி. அவர் வீட்டில் வைத்துப் பேசவில்லை. டவுன் பஸ் ஸ்டாண்டுக்கு வரச்சொல்லிப் பேசினார். ‘ஸ்டேஷன்லதான் நடந்துச்சு. நானும் இருந்தேன்’ என்றார். தான் அன்றைக்கு ஸ்டேஷனுக்கு ஒரு பொருளை எடுத்துக்கொண்டு போனதாகவும் சொன்னார். அந்தப் பொருள் என்னவென்று தெரிந்தால் படிக்கிறவர்களுக்கு அந்த ராத்திரி முழுசும் கண்முன் வந்துவிடும். அவள் எழுதிக்கொண்டு வந்த கட்டுரையில் அதுதான் நல்ல வரி. ஆனால் அதை எடுத்துக்கொண்டு போகக்கூடியவர் ஊரில் ஒருவர்தான். மேலத்தெருவுக்கு ஆளைத் தெரிந்துவிடும். வெட்டினோம். இங்கேயும் சொல்லமாட்டேன். தன் சாதியை மீறி உண்மை சொன்ன மனுசனுக்கு நாம் செய்யக்கூடியது இந்த ஒன்றுதான்.

அவள் இன்னொன்றும் சேர்த்தாள். 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் எழுத்தாளர் பெருமாள்முருகன் எழுதிக்கொடுத்தது அவரைக் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதை அவளாகவே தேடிக் கண்டுபிடித்தாள். எழுத்தாளருக்குச் செல்லாத காகிதம் எழுதத் தெரியாதவருக்கு மட்டும் எப்படிச் செல்லும் என்று ஒரு கேள்வியோடு அந்தப் பத்தியை விட்டிருந்தாள். இலக்கியவாதிகள் அந்தத் தீர்ப்பைக் கொண்டாடியபோது இதை யாரும் யோசிக்கவில்லை. நானும் கொண்டாடியவள்தான்.

எழுதி முடித்ததைத் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டினாள். ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னார். ‘அமர்ந்து பேசி’ என்று தாளில் இருந்ததை அப்படியே எடுத்துப் போட்டிருந்தாள். ‘நாங்க எங்க உக்காந்தோம்? நின்னோம்லா’ என்றார். அப்பா கட்டுரையை வாங்கி அவரே படித்தார். ‘எம் பேரு இல்லியே?’ என்றார். பாதுகாப்புக்காக ‘மூன்று இளைஞர்கள்’ என்று போட்டிருப்பதாக அவள் சொல்லியிருக்கிறாள். ‘அன்னிக்கு அடிவாங்கும்போது பேரு கேட்டுத்தான் அடிச்சான். போடு’ என்றிருக்கிறார். எங்களுக்குள் இதிலும் சண்டை. பெயர் போட்டால் நாளைக்கு அவர்தான் அந்த ஊரில் இருக்கவேண்டும். அதே காரணத்துக்காக முடிவு அவருடையது என்றேன் நான். அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மற்ற இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். ஒரு பெயரோடு கட்டுரை 2023இல் ஒரு சிறுபத்திரிகையில் வந்தது.

சில நூறு பிரதிதான் அச்சானது. காலனியில் ஜெராக்ஸ் எடுத்துக் கைக்குக் கை போயிற்று. ஒரு நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் இரண்டு அங்குலத்துக்குச் செய்தி வந்தது. தலைப்பு: ‘மயானப் பாதை: இரு பிரிவினரிடையே பிரச்சினை’. பத்து நாள் கழித்து அவள் அம்மா பால் ஊற்றிக்கொண்டிருந்த இடத்தில், பாலில் தண்ணீர் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அம்மா பாலைக் கொண்டுபோகவே இல்லை. இரண்டு மாடு. மகளைப் பார்த்து, ‘உன் எழுத்து நாலு லிட்டர்’ என்றாளாம். பொருளாதாரப் புறக்கணிப்பு 2015 திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைச் சட்டத்தில் குற்றம். புகார் கொடுத்தார்கள். சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது.

பிள்ளைகளைத் தூண்டிவிட்டு நீ டவுனில் உட்கார்ந்திருக்கிறாய் என்று என்னை ஏசுகிறவர்கள் உண்டு. ஏசட்டும். 2025 ஜனவரி 3 அன்று சத்தீஸ்கரில் பஸ்தர் பகுதியின் பீஜாப்பூரில் முகேஷ் சந்திராகர் என்கிற உள்ளூர்ப் பத்திரிகையாளரின் உடலைக் கழிவுநீர்த் தொட்டியிலிருந்து எடுத்தார்கள். சாலைப்பணி ஊழல் செய்தி ஒன்றில் வேலை செய்தவர். தொட்டி இருந்தது ஒரு கான்ட்ராக்டரின் இடத்தில். பெரிய சேனல்கள் காட்டிலிருந்து செய்தி வேண்டுமென்றால் இவரைப் போன்றவர்களைத்தான் கூப்பிடும். செத்தபிறகுதான் தேசத்துக்கு அவர் முகம் தெரிந்தது. அந்த வாரம் எங்கள் கூடத்தில் பயிற்சி நடக்கவில்லை. யார் யார் வீட்டில் என்னென்ன பயம் என்று பேசினோம். அன்றைக்கு எழுதிவைத்த ஏற்பாடுகள் இப்போதும் நடக்கின்றன. தனியாகப் போவதில்லை. காகிதம் எது கிடைத்தாலும் அன்றைக்கே மூன்று பேரிடம் நகல் இருக்கும், அதில் ஒருவர் வேறு மாவட்டத்துக்காரர். ஊருக்குள் இருக்கிறவர் பெயரில் அவசியம் இல்லாமல் கட்டுரை போவதில்லை; மனுவும் வேறு ஊர்க்காரர் பெயரில் போகும். வழக்கறிஞர் தோழர் ஒருவரின் நம்பர் எல்லோருக்கும் மனப்பாடம். செல்போனைப் பிடுங்கினால் மனப்பாடம்தான் உதவும். இதற்கு மேல் எங்களிடம் என்ன பாதுகாப்பு இருக்கிறது? பெரிய பத்திரிகை ஆபீஸ் அடையாள அட்டை இருந்திருந்தால் கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கும். அதைத்தான் கொடுக்கமாட்டார்களே.

பாதை விசயம் இன்னும் முடியவில்லை. கட்டுரை வந்தபிறகு அந்தக் காலனியில் இரண்டு சாவு. ஒன்று தெரு வழியாகப் போயிற்று, முன்னாலும் பின்னாலும் போலீஸ் வண்டி. இன்னொன்றுக்குப் போலீஸ் பந்தோபஸ்தோடு எங்கம்மாவைக் கொண்டுபோக எங்களுக்கு மனசில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஓடை வழியாகவே போனார்கள். அவள் இரண்டையும் எழுதி வைத்திருக்கிறாள், நேரம் போட்டு. மாட்டில் ஒன்றை விற்றாயிற்று. இன்னொன்றின் பாலை டவுன் டீக்கடைக்கு அப்பா சைக்கிளில் கொண்டுபோகிறார்.

இந்த வருசக் குழுவுக்கு அவள்தான் காகிதப் பாடம் எடுக்கிறாள். அவரவர் ஊரில் நடந்த சமாதானக் கூட்டங்களின் குறிப்பைக் கேட்டு மனுப் போடச் சொல்லியிருக்கிறாள். ஒன்பது ஊருக்குப் போட்டிருக்கிறார்கள். நாலு பதில் வந்திருக்கிறது. மூன்றில் கைநாட்டுகள் இருக்கின்றன. நாலாவது ஊருக்குக் கோப்பு கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் பையன் மேல்முறையீடு எழுதிக்கொண்டிருக்கிறான்.